உப்பு போட்ட கை

அப்பு,

புத்தக வெளியீட்டு அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. தபால்காரர் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பிக்குக் கல்யாணமா டீச்சர்? சொல்லவே இல்ல" என்றார். அப்படி ஒரு வழவழப்பான தாள். உன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, முதல் பிரதி பெறுபவர் என்று போட்டு என் பெயர். சென்னையில் ஒரு மேடையில், நாலு பெரிய மனிதர்கள் கைதட்ட, என் மகன் எழுதிய முதல் புத்தகத்தை நான் கை நீட்டி வாங்கவேண்டும். எந்தத் தாய்க்கு இது கசக்கும்? எனக்குக் கசக்கிறது. நான் வரப்போவதில்லை. காரணத்தைப் போனில் முழுசாகச் சொல்லப் பார்த்தேன், நீ பாதியிலேயே வெட்டிவிட்டாய். "அம்மா, பிரஸ்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றாய். நாலு நாளாகியும் அந்த அப்புறம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ரிட்டையர் ஆனதிலிருந்து பேனா பிடிக்கிற வேலை எனக்கு இல்லை. இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் நீ மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ வாராவாரம் உன் பத்திரிகையில் எழுதும் அந்தப் பக்கத்தை ஒரு வாரம்கூட விட்டதில்லை. வடமதுரை பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர் எனக்கென்று ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். கோயிலை வைத்தும் மசூதியை வைத்தும் ஓட்டு வாங்குகிறவர்களை நீ கிழித்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. மதம் மாறக்கூடாது என்று சட்டம் போட்டு, பிறகு தேர்தலில் அடி விழுந்ததும் அதைச் சத்தமில்லாமல் சுருட்டிக்கொண்டதைப் பற்றி நீ எழுதியதை உன் அப்பா படத்துக்கு முன்னால் வைத்தேன். ரிசர்வ் பஞ்சாயத்துத் தலைவரைத் தரையில் உட்காரவைத்து, நாற்காலியில் துணைத்தலைவர் உட்காரும் கதையை எழுதினாய். எல்லாம் சரி. உனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் வருகிறது, அது எல்லாருக்கும் வராது. அதில் எனக்குப் பெருமைதான்.

போன வருஷக் கடைசியில் ஒரு செய்தி வந்ததே, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த சத்துணவுச் சமையல்காரம்மா இன்ன ஜாதி என்று தெரிந்ததும் பிள்ளைகளை ஊரே சாப்பிடவிடாமல் நிறுத்திய செய்தி, அதைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைத்தான் சொல்லவருகிறேன். முக்கால்வாசி வரை நன்றாக எழுதியிருந்தாய். அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்குவதும், கேமராவுக்கு முன்னால் ஒரு கவளம் தின்றுவிட்டுக் கை கழுவுவதும், மறு வாரமே அந்தச் சமையல்காரம்மா 'சொந்த விருப்பத்தின் பேரில்' வேறு ஊருக்கு மாற்றப்படுவதும், நான் என் சர்வீஸில் அக்கம்பக்கத்து ஊர்களில் பார்த்ததுதான். அதற்குப் பிறகு என்னைக் கொண்டுவந்தாய். "என் அம்மாவின் சத்துணவு மையத்துக்குள் ஜாதி நுழைந்ததே இல்லை. கொதிக்கும் அண்டாவுக்கு முன்னால் அம்மா நிற்பார். அளவு பார்க்கமாட்டார். கைதான் அளவு. அந்தக் கையிலிருந்து விழுந்த உப்பில் ஒரு ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்தது." இப்படி எழுதியிருந்தாய். 'உப்பு போட்ட கை' என்கிற அந்தக் கட்டுரையின் பெயர்தான் இப்போது உன் புத்தகத்துக்கும் பெயர். படித்த அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது உண்மை. மகன் எழுதினால் எந்தப் பொய்யும் கொஞ்ச நேரத்துக்கு நிஜம் மாதிரிதான் இருக்கிறது.

அந்த உப்பின் கதை உனக்குத் தெரியவேண்டும். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய். நான் அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், டீச்சர் என்பது ஊர் கூப்பிடுகிற பெயர். அதுவரை சமைத்துக்கொண்டிருந்த ஆயா ரிட்டையர் ஆகிப் போனதும், அந்த இடத்துக்கு சவரியம்மாவைப் போட்டார்கள். காலனியிலிருந்து அரசாங்க வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். வெள்ளைச் சேலை ஒன்றைப் புதிதாக எடுத்து, தலைக்குப் பூ வைத்து, ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். எனக்குப் புது ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நானும் அவரும் ஒரே மாதா கோயிலில் முழங்கால் போடுகிறவர்கள், ஒரே சாமியார் கையிலிருந்து ஒரே பாத்திரத்து நற்கருணையை நாக்கில் வாங்குகிறவர்கள். அவர் வாங்கியபிறகு நான் வாங்கினால் எனக்கு எதுவும் ஆனதில்லை. அதே சவரியம்மா பள்ளிக்கூடத்தில் ஆக்கிய சோறு மட்டும் எங்கள் தெருப் பிள்ளைகளின் தொண்டைக்குள் இறங்காது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள். காலனிப் பிள்ளைகளும் நீயும் மட்டும் தட்டோடு உட்கார்ந்தீர்கள். மிஞ்சின சோற்றை மாடு தின்றது. நாலு நாள் அப்படிப் போனது.

ஐந்தாம் நாள் ஊரில் கூட்டம் போட்டார்கள். கூப்பிட்டவர் யார் தெரியுமா? உன் பெரியப்பா, உன் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், நம் கோயிலில் வாசகம் படிக்கிறவர். வந்தவர்களில் பாதி நம் ஆட்கள், பாதி இந்து வீட்டுக்காரர்கள். திருவிழா ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறவர்கள், அன்றைக்கு ஒரே பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். மத ஒற்றுமை, மத ஒற்றுமை என்று நீங்கள் எழுதுகிறீர்களே, நான் கண்ணால் பார்த்த ஒரே மத ஒற்றுமை அதுதான். மதம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று பயப்படுகிறவர்களையும், மாறினால் விடிந்துவிடும் என்று நம்புகிறவர்களையும் அந்தப் பெஞ்சில் ஒரு நாள் உட்காரவைத்திருக்கவேண்டும். உன் பெரியப்பா நேராகவே சொன்னார். "இந்தா பாரும்மா, அந்தப் பொம்பளை வேலைய நாங்க கெடுக்க வரல. சம்பளம் வாங்கட்டும், கூட்டட்டும், பாத்திரம் கழுவட்டும். சமையல் மட்டும் வேண்டாம். இல்லேன்னா ஸ்கூல இழுத்துப் பூட்டுவோம்."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று உனக்குத் தெரியும், நீ அதைத்தான் எழுதி வைத்திருக்கிறாய். நான் சொன்னது வேறு. நான் எழுந்து நின்று, "உலையில அரிசி போடுறதும் உப்புப் போடுறதும் நானே செய்றேன் மச்சான். அப்ப நான் சமைச்சதாத்தானே அர்த்தம்?" என்றேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, என் மூளையில் உதித்ததுதான். அந்தச் சமயத்தில் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிள்ளைகள் சாப்பிடுவார்கள், சவரியம்மாவுக்கு வேலை நிற்கும், பள்ளிக்கூடம் பூட்டப்படாது, மேலிடத்துக்கும் பதில் சொல்லவேண்டாம். உன் பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்பு உங்கையால விழுந்தாச் சரி" என்றார். கூட்டம் கலைந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது உன் அப்பாவிடம் சொன்னேன். மில்லில் சங்கத்துக்குப் பேசுகிறவர், மே தினத்துக்குச் சிவப்புத் துண்டு போட்டு மைக் பிடிக்கிறவர், 'சகோதரத்துவம்' என்கிற வார்த்தையைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொல்கிறவர். ரசத்தைக் குடித்துவிட்டு, "நல்ல ஐடியாதான். இப்ப சண்டைக்குப் போனா ஆகாது, படிப்படியாத்தான் மாத்தணும்" என்றார். அவர் சாகும்வரை அந்த முதல் படியை நாங்கள் இரண்டு பேரும் ஏறவில்லை.

மறுநாள் சவரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எல்லா வேலையும் நீதான் பாக்கணும். உப்ப மட்டும் நான் போடுறேன். புள்ளைகளுக்குச் சோறு போடுற நேரத்துல செத்த நேரம் பின்பக்கம் நின்னுக்க" என்றேன். கோபப்படுவார், அழுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்புட்டுப் பேருக்கும் உப்பு அளவு தெரியுமா டீச்சர் உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. வீட்டில் மூன்று பேருக்குச் சமைக்கிறவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்து அண்டாவுக்கு அளவு எப்படித் தெரியும்? அவரே வழி பண்ணினார். சோற்றுக்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று என்று இரண்டு கொட்டாங்குச்சியில் உப்பை அளந்து ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவார். நான் ரிஜிஸ்டரை மூடிவிட்டு எழுந்து போய், வாசலில் யாராவது பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, அதைக் கையில் கொட்டி அண்டாவில் போடுவேன். நீ பார்த்த உப்பு அதுதான், அப்பு. கைதான் அளவு என்று எழுதினாயே, அளவு கொட்டாங்குச்சியில் இருந்தது, அதை அளந்தது சவரியம்மா.

அரிசி களைவது, பருப்பு வேகவைப்பது, கத்தரிக்காய் நறுக்குவது, முட்டை அவிப்பது, விறகு ஈரமாக இருந்தால் புகையில் கண்ணெரிய ஊதுவது, கஞ்சி வடிப்பது எல்லாம் அவர். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் விறகு அடுக்கியிருக்கும் சுவரோரம் போய் நின்றுகொள்வார். நான் கரண்டி பிடித்துப் பரிமாறுவேன். அவர் மகள் லில்லி ஒன்றாம் வகுப்பு. கடைசி ஆளாக உட்கார்ந்து, சோறு வாங்கியதும் தலையைத் திருப்பி அந்தச் சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். "இங்க பாத்துச் சாப்பிடு" என்று நான் அதட்டுவேன். ஒரே பந்தி என்று நீ எழுதியதில் ஒரு சுவர் விட்டுப்போய்விட்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ எட்டு வயசுப் பையன், அவரை "சவரி, தண்ணி கொண்டா" என்பாய். அவர் உன்னை "வாங்க தம்பி" என்பார். நான் காதில் வாங்கிக்கொண்டு ரிஜிஸ்டரில் முட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். ஒரு நாள்கூடத் திருத்தியதில்லை.

அந்த வருஷமே, பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், அது நடந்தது. கஞ்சி வடிக்கும்போது அண்டாவைப் பிடித்திருந்த துணி வழுக்கிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கவேண்டிய அண்டா. நான் அறைக்குள் உட்கார்ந்து மாதாந்திர அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். "மாதாவே!" என்று ஒரு அலறல். ஓடி வந்து பார்த்தால் சவரியம்மாவின் இடது கை முழங்கை வரைக்கும் கொதிக்கிற கஞ்சி. பிள்ளைகள் வகுப்பை விட்டு வாசலில் கூடிவிட்டார்கள், நீ அவர்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தாய். ஹெட்மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையிலிருந்த இங்க் பாட்டிலை எடுத்துவந்து கையில் ஊற்றினார். நீலமும் சிவப்புமாக அந்தக் கை நடுங்கியது. எதிரே பால் சொசைட்டியில் நின்றிருந்த உன் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். உன் பெரியப்பா அண்டாவைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "வடிச்சது யாரு?"

ஒரு பெண் வெந்துபோன கையோடு முன்னால் நிற்கிறாள். கேட்கிற முதல் கேள்வி அது. அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. "நான்தான் மச்சான். பாத்திரம் நகட்ட வந்துச்சு, மேல தட்டிருச்சு" என்றேன். அவர் நம்பாமல் சவரியம்மா பக்கம் திரும்பினார். "அப்படியா?" என்றார். அந்த வலியிலும் சவரியம்மா ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்கய்யா. டீச்சரம்மாதான் வடிச்சாக. நான்தேன் குறுக்க வந்துட்டேன்" என்றார். என்னைக் காப்பாற்றினார், அப்பு. தன்னுடைய கை வெந்த நேரத்தில் என் பொய்யைத் தாங்கிப் பிடித்தார். பிறகு காலனியிலிருந்து வந்த இன்னொரு பெண் அவரைத் தாங்கலாக ரோட்டுக்குக் கூட்டிப்போய், திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றினாள். நான் கூடப் போகவில்லை. சமைத்தவள் நான் என்று சொல்லியாயிற்றே, பிள்ளைகளுக்குச் சோறு போட ஆள் வேண்டுமே. அவர் வடித்த சோற்றை நான் பரிமாறினேன், உன் பெரியப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ரிஜிஸ்டரில், 'சமையலர் சொந்தக் காரணமாக விடுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை நேரத்தில் பட்ட காயம் என்று எழுதியிருந்தால் விசாரணை வரும், விசாரணை வந்தால் யார் சமைப்பது என்று கேட்பார்கள். இரண்டு மாசம் கழித்து அவர் வந்தார். இடது கை விரல்கள் இரண்டு நிமிராமலே நின்றுவிட்டன. மறுநாளே ஜன்னல் கட்டையில் கொட்டாங்குச்சிகள் இருந்தன. பூசையில் அவர் கும்பிடும்போது அந்த இரண்டு விரல்களும் வலது கையோடு சேராது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் நற்கருணை வாங்கினேன்.

பழைய கதை, இப்போது எதற்கு என்று நீ கேட்பாய். பழையதாகப் போயிருந்தால் நான் இதை என்னோடு கொண்டுபோயிருப்பேன். நான் போன வருஷம் ரிட்டையர் ஆனபோது என் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்தது. படித்த பெண், நல்ல பெண். ஊரில் அதனிடம், "உப்பு மட்டும் நீங்க போடணும் டீச்சர், எங்க ஸ்கூல் வழக்கம் அது" என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் போடுகிறது. நான் ஒரு நாள் சமாளிப்பதற்காகச் செய்தது இப்போது வழக்கம் ஆகிவிட்டது. அந்தச் சுவரோரம் சவரியம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். லில்லி இப்போது நர்ஸ், திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூன்று மாசத்துக்கு முன்னால் அவள் மேலிடத்துக்கு ஒரு மனு கொடுத்தாள். என் அம்மா சமையலர், சமைப்பது அவர், அவரை உப்புப் போடவும் பரிமாறவும் விடுவதில்லை, ஏன் என்று விசாரியுங்கள் என்று நாலே வரி. ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். உன் பெரியப்பா அவர் கையில் என்ன கொடுத்தார் தெரியுமா? உன் கட்டுரை. லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார்கள். "பாருங்க சார், எங்க ஊருல ஜாதியே கெடையாதுன்னு மெட்ராஸ் பத்திரிகையிலயே வந்திருக்கு. எழுதுனது எந்தம்பி மகன்தான்." ஜாதிச் சங்கத்து நோட்டீஸ் அடிக்கிறவர், முற்போக்குப் பத்திரிகையைச் சாட்சிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த அதிகாரி அங்கிருந்து நம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்து, அந்த லேமினேட் பண்ணிய தாளை என் முன்னால் நீட்டி, "உங்க மகன் எழுதியிருக்கிறது உண்மைதானேம்மா?" என்று கேட்டார். வாசலில் உன் பெரியப்பா. என் முன்னால் உன் பெயரும் உன் போட்டோவும். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு வந்ததே இல்லை. ஆமா, இல்லை என்று இரண்டில் ஒன்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். உன் பெயர் கெட்டுவிடுமே என்று நினைத்தேன். என் பெயரையும்தான் நினைத்தேன், மறைப்பானேன். "எம் மகன் பொய் எழுதமாட்டான் சார்" என்றேன். மனுவை முடித்துவைத்துவிட்டார்கள். 'புகாரில் உண்மையில்லை' என்று லில்லிக்குப் பதில் வந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது சவரியம்மா என்னிடம் வந்தார். லில்லி அவருக்கு உன் கட்டுரையை முழுசாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "சாம்பாரும் நீங்கதேன் வச்சீகன்னு எழுதியிருக்காராமே தம்பி. அதப் புஸ்தகமா வேற போடப் போறாகளாம். எம்புட்டுப் பேரு டீச்சர் படிப்பாக?" என்று கேட்டார். நிறையப் பேர் படிப்பார்கள் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். முதல் பிரதியை நீங்கள் வந்து வாங்குங்கள், நானே சென்னைக்குக் கூட்டிப்போகிறேன் என்று பின்னாலேயே போய்ச் சொல்லிப் பார்த்தேன். நின்று திரும்பினார். "எதுக்கு டீச்சர்? மேடையில உக்கார வச்சுப் போட்டா புடிக்கவா? அடுப்பு முன்னால நின்னு எங்கையால உப்புப் போடுறதுக்கு மொதல்ல வழியப் பாருங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

இதைத்தான் உன்னிடம் போனில் சொல்லவந்தேன். பாதி கேட்டதுமே நீ, "இப்ப இதையெல்லாம் வெளிய சொன்னா எதிராளிங்களுக்குக் கொண்டாட்டமாப் போயிரும்மா. முற்போக்கு பேசுறவன் வீட்டு லட்சணம் பாருன்னு கிழிப்பாங்க. அட்டைகூட அச்சாயிருச்சு. அது ஒரு சின்ன விஷயம், விடுங்க" என்றாய். உன் அப்பா ரசம் குடித்துவிட்டுப் பேசியது அப்படியே என் காதில் விழுந்தது. எதிராளி கிழிப்பான் என்று நாம் மூடி வைத்ததெல்லாம் நம்மிடம் கைகட்டி நின்றவர்களின் வாழ்க்கை, அப்பு. எதிராளிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஊர் ஊராக நீ எழுதிய அநியாயம் எல்லாம் எழுதப்படவேண்டியதுதான். உன் சொந்த ஊருக்கு வரும்போது மட்டும் பேனா உப்பில் போய் நின்றுவிட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் அதே இடத்தில் போடு. அட்டையை மாற்று. முடியாது என்றால் புத்தகத்தை நிறுத்து. நீ எதைச் செய்தாலும், இதை அப்படியே நகல் எடுத்து, நான் கையெழுத்துப் போட்டு, நம் வீட்டில் காப்பி குடித்த அந்த அதிகாரிக்கும் லில்லிக்கும் நாளைக் காலையில் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். உன் பெரியப்பாவுக்கு ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த ஊரில் இனிமேல் என் பிழைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் மேல் வரும் ஏச்சுக்கும் நான்தான் காரணம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். நீ பொய் எழுதவில்லை, ஞாபகத்தில் இருந்ததை எழுதினாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஞாபகம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். சவரியம்மாவைப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போன பிறகு, நான் கரண்டியோடு நிற்கும்போது, நீ தட்டை ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்தாய். பெரியப்பா வாசலில் நிற்பதைப் பற்றியெல்லாம் உனக்கு என்ன தெரியும்? நீ சத்தமாகக் கேட்டாய். "அம்மா, சவரிதான வடிச்சா? நான் பாத்தேனே." உன்னை நான் அதுவரை அடித்ததே இல்லை. அன்றைக்குக் கன்னத்தில் அறைந்தேன். தட்டு உருண்டுபோய் வாசல் வரைக்கும் ஓடியது. "அம்மாதான் வடிச்சேன். சொல்லு, யாரு வடிச்சா?" என்று கேட்டேன். நீ அழுதுகொண்டே, "அம்மா" என்றாய். பிறகு ஊரில் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னாய். கொஞ்ச நாளில் உனக்கே அது உண்மையாகிப் போனது. வளர்ந்து, படித்து, அதை நல்ல தமிழில் எழுதவும் கற்றுக்கொண்டாய்.

பதினெட்டு வருஷம் கழித்து, நீ கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்கிறேன். ஆமாப்பா. சவரியம்மாதான் வடிச்சாங்க. நீ பார்த்தது சரி.

அம்மா